வெளிநாட்டுக் கடனில் நடக்கும் சாலை, ரயில் திட்டங்களுக்குக் காலக்கெடுவை நீட்டிப்பது சரியா?

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் கடனில் நடக்கும் போக்குவரத்துத் திட்டங்கள் குறித்த நாளில் முடியாமல் நீட்டிப்புக் கேட்பது ஏன், அப்படிக் கொடுப்பது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய கடனில் நடந்த ஒரு சாலைத் திட்டத்தின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாமதத்துக்குக் காரணமான தடை நீங்கிவிட்டது, அல்லது எந்த நாளுக்குள் யாரால் நீங்கும் என்பது தெளிவாகிவிட்டது என்றால் நீட்டிப்பு நியாயமானது. தடை அப்படியே இருக்கத் தேதியை மட்டும் தள்ளுவது, வீட்டையும் கடையையும் விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும் மக்களுக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

இதில் இரண்டு தேதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒப்பந்ததாரர் வேலையை முடித்துத் தர வேண்டிய நாள். இது அவருக்கும் திட்ட அலுவலகத்துக்கும் இடையிலானது. மற்றொன்று, கடன் முடிவுத் தேதி. இது கடன் வாங்கும் அரசுக்கும் வங்கிக்கும் இடையிலானது. முடிவுத் தேதி கடந்தபின் நடக்கும் வேலைக்கு வங்கி பணம் தராது. அதற்கு முன்பே ஆன செலவுக்குரிய பில்களை அனுப்பிப் பணம் பெற மட்டும் வழக்கமாக நான்கு மாதம் அவகாசம் உண்டு. பாலம் பாதியில் நிற்கும்போது இந்தத் தேதி வந்துவிட்டால், மீதிச் செலவு முழுவதும் உள்நாட்டு வரவு செலவுத் திட்டத்தின் மேல் விழும். செய்தித்தாள்களில் 'காலக்கெடு நீட்டிப்பு' என்று வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது தேதியைப் பற்றியது.

நான் திரும்பத் திரும்பப் படித்த எடுத்துக்காட்டு மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம். 2002 ஜூன் மாதத்தில் உலக வங்கி அதற்கு 54.2 கோடி டாலர் அளவுக்கு நிதி ஒதுக்கியது. புறநகர் ரயில் பாதைகளை அதிகரிப்பது, புதிய ரயில் பெட்டிகள் வாங்குவது, நகரின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஜோகேஸ்வரி–விக்ரோலி, சாந்தாகுரூஸ்–செம்பூர் சாலைகளை அமைப்பது, இவற்றுக்காக அகற்றப்படுவோருக்கு மாற்று வீடு தருவது ஆகியவை அதன் பகுதிகள். கடன் முடிவுத் தேதி 2008 ஜூன் 30 என்று வைக்கப்பட்டிருந்தது. பின்னர் அது மூன்று ஆண்டுகள் தள்ளி 2011 ஜூன் 30 ஆனது.

அந்த மூன்று ஆண்டுகளுக்கான காரணம் தண்டவாளத்திலோ கான்கிரீட்டிலோ இல்லை, மறுகுடியமர்வில் இருந்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 80,000 பேர் இடம்பெயர வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அது 1,20,000 வரை உயர்ந்தது. ரயில் பாதையோரக் குடிசைவாசிகளைப் பொறுத்தவரை முன்கூட்டியே ஓரளவு வேலை நடந்திருந்தது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமையிலான தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, குடும்பங்களைக் கணக்கெடுப்பதிலும் இடமாற்றத்துக்கு ஆயத்தப்படுத்துவதிலும் பெரும் பங்கு வகித்தது. (மும்பைத் தமிழர் வரலாற்றில் இந்தப் பங்கு இன்னும் விரிவாகப் பதிவாக வேண்டும்.) சாலைப் பகுதியின் நிலை வேறு. அங்கே பல்லாண்டுகளாகக் கடை நடத்தியவர்களுக்கு, அவர்கள் இழக்கும் இடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 225 சதுர அடிதான் இலவசமாகக் கிடைக்கும் என்ற நிலை இருந்தது. அவர்களும் குடியிருப்போரும் 2004-இல், வங்கித் திட்டங்களால் பாதிக்கப்படுவோரின் முறையீடுகளை விசாரிக்கும் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். 2005 டிசம்பரில் குழுவின் அறிக்கை வந்தது. 2006 மார்ச் 1 அன்று சாலை, மறுகுடியமர்வு ஆகிய பகுதிகளுக்கான நிதியை வங்கி நிறுத்தி வைத்தது. ஜூன் மாத இறுதியில்தான் அந்தத் தடையை நீக்கியது.

நிறுத்தம் நான்கு மாதம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஆட்கள் குடியிருக்கும் நிலத்தை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்க முடியாது. நிலம் கைக்கு வராதபோது இயந்திரங்களும் ஆட்களும் சும்மா நிற்க நேரும். அதற்கு அவர் இழப்பீடு கேட்பார். சிமெண்ட், இரும்பு விலை ஏற ஏற விலையேற்றத் தொகையும் கூடும். சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையில் இவற்றோடு, ரயில் பாதைகளுக்கு மேலே பாலம் கட்ட ரயில்வேயின் அனுமதிக்குக் காத்திருந்ததும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை நீட்டிக்கப்பட்ட தேதியிலும் முடியவில்லை. 2011-இல் வங்கி விலகியபின், மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம் மீதி வேலையைத் தன் பணத்தில் செய்தது; 2014 ஏப்ரலில்தான் சாலை திறக்கப்பட்டது. அதே நீட்டிப்பு ரயில் பகுதிக்குப் பயன்பட்டதற்குக் காரணம், அங்கே நிலத்தடை பெருமளவு நீங்கியிருந்தது என்பதே. கூட்டிக் கொடுத்த மூன்று ஆண்டுகள் ஒன்றே. தடை நீங்கிய இடத்தில் வேலை நகர்ந்தது, நீங்காத இடத்தில் அவையும் கரைந்து போயின.

நீட்டிப்புக்கு விலையும் உண்டு. உலக வங்கியின் இப்போதைய வழக்கப்படி, ஒப்புதல் பெற்றும் எடுக்கப்படாமல் கிடக்கும் கடன் தொகைக்கு ஆண்டுக்கு 0.25 சதவீதம் கட்டணம் செலுத்த வேண்டும். 10 கோடி டாலர் அப்படிக் கிடந்தால் ஓராண்டுக்கு 2.5 லட்சம் டாலர். திட்ட அலுவலகத்தின் சம்பளம், மேற்பார்வை ஆலோசகர்களின் கட்டணம், வாடகை ஆகியவை இதற்கு மேல். ஆனாலும் தூசியிலும் நெரிசலிலும் நகர மக்கள் இழக்கும் ஆண்டுகளே இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு என்று நான் நினைக்கிறேன். அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

நீட்டிக்கவே இயலாத நிதியும் இருக்கிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான மில்லேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன் தரும் மானியத்துக்கு ஐந்து ஆண்டு என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட வரம்பு. பெருந்தொற்றுக் காலத்தில் ஓராண்டு கூட்டித் தருவதற்கே அந்நாட்டு நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டியிருந்தது. மின்கம்பித் தடத்துக்கும் சாலைப் பராமரிப்புக்குமாக அந்த அமைப்புடன் நேபாளம் 2017-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 2023 ஆகஸ்ட் 30 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டு அன்றிலிருந்து ஓடுகிறது. இத்தகைய நிதியில் நிலம், வன அனுமதி போன்றவற்றைக் கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே முடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீட்டிப்புக் கிடைக்கும் வங்கிக் கடன்களிலும் இதே கண்டிப்பைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீட்டிப்புக் கேட்கும் நடைமுறையையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் மாநிலத் துறையோ ரயில்வே நிறுவனமோ உலக வங்கிக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. கடன் வாங்குவது இந்திய அரசு என்பதால், ஒன்றிய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை வழியாகவே கோரிக்கை செல்லும். முடிவுத் தேதிக்கு முன்பே அது வங்கியை அடைய வேண்டும். திட்டத்தின் நோக்கத்தை இன்னும் எட்ட முடியுமா, கடன் வாங்கியவரின் செயல்பாடு திருப்தியாக இருக்கிறதா, மீதி வேலையை முடிக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்ட செயல்திட்டம் உள்ளதா, தணிக்கை அறிக்கைகள் பாக்கியில்லாமல் வந்துவிட்டனவா என்று வங்கி பார்க்கும். கடைசி மூன்று மாதத்தில் அவசரமாகத் தயாரிக்கப்படும் கோரிக்கைகளில் இந்தச் செயல்திட்டமே மிகவும் பலவீனமாக இருக்கும். 'பணிகள் விரைவில் முடிக்கப்படும்' என்ற வாக்கியத்தைத் தாண்டி அதில் எதுவும் இராது.

உங்கள் ஊரில் நடக்கும் திட்டத்துக்கு நீட்டிப்புக் கேட்கிறார்கள் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தச் செயல்திட்டத்தின் நகலைக் கேளுங்கள். இன்னும் ஒப்படைக்கப்படாத நிலம் எத்தனை மீட்டர், அதில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கான வீடுகள் கட்டி முடிந்துவிட்டனவா, மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் மாற்ற வேண்டிய துறைகளுக்குப் பணம் கட்டியாயிற்றா, ரயில்வேயின் அனுமதி எந்த நிலையில் இருக்கிறது ஆகிய விவரங்கள் அதில் தேதியோடு இருந்தால், நீட்டிப்பை ஆதரிப்பேன். இல்லையென்றால், தடைபட்ட பகுதியைக் கடனிலிருந்து பிரித்து உள்நாட்டு நிதியில் தனியாக எடுத்துக்கொண்டு, முடிக்கக்கூடிய பகுதிக்கு மட்டும் கால அவகாசம் கேட்பதே நேர்மையானது.