சான் பிரான்சிஸ்கோவில் மாஸ்க் கழற்றிய கதை: உங்கள் கேள்விகள்

1918 ஃப்ளூ காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் மாஸ்க் சட்டம் போட்டது, எடுத்தது, மறுபடி போட்டது, மறுபடி எடுத்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கோமதி: அபராதம் எல்லாம் நிஜமாகவே வாங்கினார்களா?

நன்றாகவே வாங்கினார்கள். அக்டோபர் 27 அன்று மட்டும் 110 பேரைப் பிடித்தார்கள். சட்டம் நவம்பர் 1 முதல்தான் அமல் என்பதால், 'பொது அமைதியைக் குலைத்தார்' என்று வழக்கு! பெரும்பாலானவர்களுக்கு 5 டாலர். அந்தப் பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனது. சட்டத்தில் இருந்தது 5 முதல் 100 டாலர் வரை, அல்லது பத்து நாள் சிறை. சாப்பிடும்போது கழற்றலாம். புகை பிடிக்கிறவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாஸ்கிலேயே ஓட்டை போட்டுக்கொண்டார்கள்.

செந்தில்: சட்டம் போட்டவர்கள் ஒழுங்காக மாஸ்க் போட்டார்களா?

அதைக் கேட்காதீர்கள். குத்துச்சண்டைப் போட்டி ஒன்றில் மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தது படமாகவே பதிவாகிவிட்டது. அவருக்கு 50 டாலர் அபராதம். சட்டத்துக்காக மல்லுக்கட்டிய சுகாதார அதிகாரி டாக்டர் வில்லியம் ஹாஸ்லரும் அதே கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். அவருக்கு 5 டாலர்.

ரஃபீக்: முதல் முறை எடுத்தது அவசரமா?

எடுத்ததில் எனக்குக் குறை தோன்றவில்லை. நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. எடுத்த விதத்தில்தான் கோளாறு. நவம்பர் 21, நண்பகல் 12 மணி. ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கழற்றி எறிந்தார்கள். நடைபாதை எல்லாம் சல்லாத் துணி மாஸ்க். முதல் உலகப் போர் முடிந்து பத்தே நாள் ஆகியிருந்தது, கொண்டாட்ட மனநிலை வேறு. 'நோய் ஒழிந்தது, இனி கவலையில்லை' என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. இப்படிச் சங்கு ஊதிக் கழற்ற வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து 'கொஞ்சம் மறுபடி போடுங்கள்' என்றால் யார் கேட்பார்கள்?

டிசம்பரில் அதுதான் நடந்தது. காய்ச்சல் ஏறியது. ஹாஸ்லர் மாஸ்க் சட்டத்தை மறுபடி கேட்டார். கிறிஸ்துமஸ் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். ஹாஸ்லருக்குப் பார்சலில் வெடிகுண்டே வந்தது (நல்லவேளை, வெடிக்கவில்லை). டிசம்பர் 19 அன்று நகர மன்றம் 9க்கு 7 என்று தள்ளுபடி செய்தது. இரண்டே ஓட்டு வித்தியாசம். ஜனவரியில் நிலைமை மோசமானபின் அதே மன்றம் இறங்கி வந்து, 17ஆம் தேதி முதல் மாஸ்க் கட்டாயம் என்றது.

மீனா: மாஸ்க் எதிர்ப்புச் சங்கம் பற்றிச் சொல்லுங்களேன்.

ஜனவரி 1919இல் முளைத்தது. தலைவி திருமதி ஈ. சி. ஹாரிங்டன், வழக்கறிஞர், மேயருக்கு அரசியல் எதிரி. ஜனவரி 25 அன்று ட்ரீம்லாண்ட் அரங்கில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். தனிமனித உரிமை பேசியவர்கள் ஒரு பக்கம், மாஸ்கால் பயனில்லை என்று சொன்ன மருத்துவர்கள் ஒரு பக்கம். மனு கொடுத்தால் போதும் என்றார்கள் சிலர். ஹாஸ்லரை வீட்டுக்கு அனுப்பு என்றார்கள் சிலர். எல்லோரையும் விவரம் இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

பிரபு: சரி, அந்த மாஸ்க் வேலை செய்ததா இல்லையா?

அந்தத் துணி பெரிதாக வேலை செய்யவில்லை. காய்ச்சல் ஒரு வைரஸால் வந்தது என்பதே 1933இல்தான் உறுதியானது. கலிஃபோர்னியா மாநிலச் சுகாதார வாரியத்தின் டபிள்யூ. எச். கெலாக் 1920இல் சோதனை செய்து பார்த்தார். மூச்சு விடத் தோதான துணி கிருமியைத் தடுக்கவில்லை. அடுக்குகளைக் கூட்டினால் மூச்சுக்குத் துணி வழிவிடாமல், காற்று ஓரங்களில் கசிந்தது. இன்றைய என்95 கதை வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

லதா: கடைசியில் எடுத்தது எதிர்ப்புச் சங்கத்தின் வெற்றியா?

அவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிப்ரவரி 1 அன்று சட்டம் போனது, அதாவது கூட்டம் நடந்து ஒரே வாரத்தில். ஆனால் அதற்குள் நோயாளிகள் எண்ணிக்கையும் இறங்கிவிட்டிருந்தது. ஹாஸ்லரே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். இந்த முறை சங்கு ஊதியதாக நான் எங்கும் படிக்கவில்லை.