இடுப்பு வலியும் குடல் தொல்லையும்: கேளுங்கள், சொல்கிறேன்

நான் பிசியோதெரபிஸ்ட். எனக்கே 14 வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும். இடுப்பு வலியும் கூடவே குடியிருக்கிறது. மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள். அது உங்கள் டாக்டர் வேலை.

கேள்வி: சார், வயது 27. க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு இடுப்பு வலியில் முழிப்பு வந்துவிடும். எழுந்து நடந்தால் குறையும். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் கூடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

பதில்: தம்பி, சுமை தூக்கிப் பிடித்துக்கொண்ட வலி படுத்தால் தணியும், வேலை செய்தால் கூடும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. சின்ன வயதில் மெல்ல ஆரம்பித்து மூன்று மாதம் தாண்டியிருந்தால், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால், புட்டத்தில் வலி பக்கம் மாறி மாறி வந்தால், அழற்சி வலியா என்று பார்த்தே ஆகவேண்டும். குடல் அழற்சி உள்ளவர்களில் சிலருக்கு முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டிலும் அழற்சி வரும். எக்ஸ்ரேயில் அது தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். எம்ஆர்ஐ முன்னாலேயே காட்டிவிடும். ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டு அழற்சி டாக்டரைப் பாருங்கள். இந்த முதுகு அழற்சிக்காகப் பார்க்கும் எச்எல்ஏ-பி27 என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாகி விடாதீர்கள், குடல் நோயோடு வருபவர்களில் பலருக்கு அது நெகட்டிவ்தான். ஊசி மருந்து பேச்சு வந்தால் குடல் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: எட்டனர்செப்ட் முதுகுக்குக் கேட்கும், க்ரோன்ஸுக்குக் கேட்காது. அடலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் இரண்டுக்கும் கேட்கும். போடும் முன் காசநோய் பரிசோதனை கட்டாயம். நம் ஊரில் குடல் காசநோயே க்ரோன்ஸ் வேஷம் கட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: வலி வந்தால் மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறிவிட்டு வந்து இரண்டு நாள் நானும் அதைத்தான் போட்டேன். மூன்றாம் நாள் கழிவறையில் ரத்தம். ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் எல்லாம் அதே குடும்பம். ஊசியாகப் போட்டாலும் தப்பிக்க முடியாது, ரத்தம் வழியாகக் குடலுக்கு வந்துவிடும். டாக்டர் தெரிந்து எழுதினால் அது வேறு.

கேள்வி: பெல்ட் போடலாமா?

பதில்: பஸ் பயணத்துக்குப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள்.

கேள்வி: இதெல்லாம் வாயு சார். எங்கள் அப்பத்தா விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விட்டால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும்.

பதில்: மலச்சிக்கலில் இடுப்பு கனத்துக் கிடப்பவருக்கு வெளிக்குப் போனால் லேசாகும், அப்பத்தா கண்டது அதைத்தான். குடல் புண்ணாகி ஏற்கெனவே பத்து தடவை போகிறவருக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது வேறு கதை.

கேள்வி (அவரேதான்): அப்போ வாயு இடுப்பில் போய் உட்காராது என்கிறீர்களா?

பதில்: உட்காராது. குடல் காற்றுக்கு மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல். எலும்புக்குள் வழி கிடையாது. சித்த வைத்தியர் சொல்லும் வாதம் வேறு, நாம் ஏப்பம் விடும் வாயு வேறு. இரண்டையும் குழப்பியது நாம்தான்.

கேள்வி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்கும் வாயுப் பிடிப்பு என்று மூன்று வாரம் பூண்டுக் கஷாயம் கொடுத்தோம். பார்த்தால் முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. குடலுக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்.

பதில்: நன்றி அம்மா, நான் இன்னும் நாலு பத்தி எழுதியிருப்பேன். ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும். அப்புறம் ஒரு தும்மல் போதும். நாள்பட எடுப்பவர்கள் டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தி பார்ப்பது), கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து.

கேள்வி: பெல்ட் எத்தனை மணி நேரம் போடலாம்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: எந்த மெத்தை நல்லது?

பதில்: தூக்கம் வருகிற மெத்தை.

கேள்வி: இரண்டு நாளாக அடிப்பகுதி மரத்திருக்கிறது, சிறுநீர் இறங்கவில்லை.

பதில்: 108-ஐக் கூப்பிடுங்கள். இப்போதே.

கேள்வி: வலியோடு இண்டியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வீட்டில் சொல்லவே கூச்சம்.

பதில்: கொத்தனாரைக் கூப்பிட்டு, உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கம்பி அடிக்கச் சொல்லுங்கள். எழும்போது குனிந்து இழுக்காமல், ஒரு காலை முன்னே வைத்து எழுங்கள். எங்கள் வீட்டுக் கம்பியில் இப்போது துண்டும் காய்கிறது.