ரிங் போவதற்குள் கட் பண்ணிவிடுகிறேன்!

வீட்டிலிருந்தே வியாபாரம் செய்பவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். மசாலாப் பொடி, நைட்டி, ஆரி வேலை என்று எல்லாத் தரப்பிலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. ஆனால் நேரடி விற்பனைக் கம்பெனிகளில் சேர்ந்து, கேட்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு விற்கிறவர்கள் எழுதியதில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: போன். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். ஒன்றரை வருடமாக ஒரு கம்பெனியில் சேர்ந்து டப்பா, க்ரீம், ஷாம்பூ விற்கிறேன். நேரில் பார்த்தால் நன்றாகப் பேசுவேன், ஸ்கூல் வாசலிலேயே இரண்டு செட் விற்றிருக்கிறேன். போன் என்றால் மட்டும் கை வேர்த்துவிடுகிறது. நம்பரை எடுப்பேன், ரிங் போவதற்குள் கட் பண்ணிவிடுவேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. அப்லைன் மேடம் (என்னைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர்) ‘நூறு பேர் லிஸ்ட் எழுது, தினம் பத்து கால்’ என்கிறார். லிஸ்ட் எழுதி மூன்று மாதம் ஆச்சு. ‘போன் பேசப் பயந்தா உனக்கெதுக்கு பிசினஸ்’ என்று வீட்டுக்காரர் கேட்கிறார். விட்டுவிடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: விட வேண்டாம். அந்த நூறு பேர் லிஸ்ட்டை மட்டும் விட்டுவிடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என் கதை. நானும் பதினோரு வருடம் இப்படிக் கேட்லாக் வியாபாரம் செய்தவள். சேலத்தில் வாடகை வீட்டில் இருந்தபோது எங்கள் தெரு டீச்சர் ஒருவருக்கு சோப்பு விஷயமாகப் போன் போட்டேன். ஒரு ரிங் போனதும் கட் பண்ணிவிட்டேன். அவர் பொறுப்பாகத் திருப்பிக் கூப்பிட்டு, “இந்த நம்பர்ல இருந்து மிஸ்டு கால் வந்துச்சு, யாருங்க?” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ராங் நம்பருங்க.” கூப்பிட்டது அவர், ராங் நம்பர் என்றது நான்! மறுநாள் ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்துவிட்டு, “நேத்து ஒரு பொண்ணு பேசுச்சு, அப்படியே உன் குரல்” என்றார். அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நேரில் பேச வருகிறது, போனில் வரவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை. நேரில் பேசும்போது எதிராளியின் முகம் நமக்கு வழி காட்டிக்கொண்டே இருக்கும். புருவம் சுருங்கினால் பேச்சை மாற்றுவோம், டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தால் விலையைச் சொல்வோம். போனில் அந்த முகம் கிடையாது. எதிர்முனையில் இரண்டு விநாடி சத்தம் இல்லாவிட்டால், ‘ஐயோ, கோபம் வந்துவிட்டது’ என்று நாமே ஒரு முகத்தைக் கற்பனை பண்ணிக்கொள்கிறோம். நிஜத்தில் அந்த அம்மா குக்கரை இறக்கிக்கொண்டிருப்பார்.

அடுத்தது, ரிங் போகுமுன் கட் பண்ணியதும் அப்பாடா என்று ஒரு நிம்மதி வருகிறதே, பயத்துக்குத் தீனியே அதுதான். ஒவ்வொரு முறை கட் பண்ணும்போதும், ‘நல்ல வேளை, தப்பித்தோம்’ என்று மனசு பாடம் படித்துக்கொள்கிறது. எதில் தப்பித்தோம்? ஒன்றுமே நடக்கவில்லையே! ஆனால் மனசு அதைக் கேட்காது. பயத்தோடே பேசி முடித்து, அதற்குப் பிறகும் உலகம் அப்படியே இருப்பதைப் பல தடவை பார்த்தால்தான் அந்தப் பாடம் அழியும். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் அது போகவே போகாது.

அதற்காக நேராக விற்பனைக் காலில் இறங்காதீர்கள். முதல் ஒரு வாரம், நீங்கள் காசு கொடுக்கிற இடங்களுக்குப் பேசுங்கள். டெய்லரிடம் ‘ஜாக்கெட் ஆயிடுச்சா’ என்று கேளுங்கள், மளிகைக் கடையில் ‘இட்லி அரிசி கிலோ என்ன விலை’ என்று கேளுங்கள். மெசேஜில் முடிகிற விஷயமாக இருந்தாலும் போனிலேயே. அடுத்த வாரம், ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்களுக்கு மட்டும். அதிலும் விற்பதற்கு அல்ல. ‘உங்க டப்பா வந்திருச்சு, நாளைக்குக் கொண்டு வரட்டுமா?’, ‘மூடி லூசா இருக்குன்னீங்களே, இப்ப சரியா இருக்கா?’ இந்த மாதிரிக் காலில் நீங்கள் கேட்பதற்குப் போகவில்லை, கொடுப்பதற்குப் போகிறீர்கள். குரலே வேறு மாதிரி வரும், பாருங்கள். மூன்றாவது வாரம் ஷாம்பூ தீர்ந்திருக்கும் என்று தெரிந்தவரிடம் ‘இந்த மாச ஆர்டர்ல சேர்த்துடட்டுமா?’ என்று கேளுங்கள். இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். யார், எந்தத் தேதியில், என்ன வாங்கினார், அவ்வளவுதான். ஓரத்தில், பேசுவதற்கு முன் பயம் பத்துக்கு எத்தனை, பேசிய பிறகு எத்தனை என்று ஒரு எண். என் நோட்டில் முதல் பக்கமெல்லாம் 9, 9, 8 என்று இருக்கும். ‘பேசிய பிறகு’ பத்தியில் 3. எல்லாக் காலிலும் அப்படித்தான் இருந்தது என்பதை அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் கவனித்தேன்.

ஆரம்பிக்க வாய் வரவில்லை என்றால் அதற்குச் சட்டமே உதவி பண்ணியிருக்கிறது. மத்திய அரசு 2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்று நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைக் கொண்டு வந்தது. விற்கிறவர் பேச்சைத் தொடங்கும்போதே, யாரும் கேட்காமலேயே, தான் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காகப் பேசுகிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. “அக்கா, நான் கோபியிலிருந்து இன்னார் பேசறேனுங்க. இன்ன கம்பெனி டப்பா விக்கிறேன். இந்த மாசம் ரெண்டு லிட்டர் டப்பாவுக்கு விலை குறைச்சிருக்காங்க, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம் பேசலாமுங்களா?” அவ்வளவுதான். ‘நல்லா இருக்கீங்களா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா’ என்று ஊரைச் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வரும்போதுதான் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அவருக்கும் ‘ஓ, இதுக்குத்தானா’ என்று சப்பென்று போகிறது. அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. முன்கூட்டி நேரம் கேட்காமல், அடையாள அட்டை இல்லாமல் யார் வீட்டுக்கும் விற்கப் போகக் கூடாது. ஆக, நேரில்தான் நன்றாகப் பேசுவேன் என்கிற உங்களுக்கு, அந்த நேர்ச் சந்திப்பைக் கேட்டு வாங்குவதற்குத்தான் போன். காலில் விற்க வேண்டிய அவசியமே இல்லை. “வியாழக்கிழமை மத்தியானம் வந்து காட்டட்டுங்களா?” என்று கேட்டு வைத்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். காலை 11 மணிக்கு மேல் சமையல் முடிந்திருக்கும், மத்தியானம் 3 மணிக்குப் பிள்ளைகள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிடாதீர்கள். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பணம் எடுத்துக் கொடுக்க வேண்டியவருக்கு இருக்கலாம்!

விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இது எனக்குப் பழக இரண்டு வருடம் ஆச்சு. ‘எண்ணூற்று ஐம்பதுங்க’ என்று சொல்லிவிட்டு, எதிர்முனை பேசுவதற்குள், ‘கூடன்னு தோணுச்சுன்னா வேணாம், இல்ல ரெண்டு தவணையா குடுங்க, இல்ல சின்னது பாக்கறீங்களா’ என்று நானே பேரம் பேசி நானே தோற்றுப்போவேன்.

இப்போது அந்த லிஸ்ட். அதில் எத்தனை பேர் பொருள் வாங்கக்கூடியவர்கள், எத்தனை பேரை உங்களுக்குக் கீழே சேர்க்கச் சொல்கிறார் உங்கள் அப்லைன்? பன்னிரண்டு வருடமாகப் பேசாத கிளாஸ்மேட்டைக் கூப்பிட்டு, ‘ஒரு சூப்பர் வாய்ப்பு இருக்கு, என்னன்னு போன்ல சொல்ல மாட்டேன், மீட்டிங்குக்கு வா’ என்று சொல்லக் கைகூசினால், அது போன் பயமில்லை. அது நல்ல புத்தி. யார், எதற்கு என்று முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதற்கு நேர் எதிர் அது. ஆள் சேர்த்ததற்காகவே பணம் கிடைக்கிற பிரமிட் திட்டத்துக்கும் அதே 2021 விதிகளில் தடை இருக்கிறது, பணச்சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான சட்டம் 1978லிருந்தே இருக்கிறது. உங்கள் வருமானம் பொருள் விற்பதில் வருகிறதா, ஆள் சேர்ப்பதில் வருகிறதா என்று ஒரு நாள் நோட்டை வைத்துக் கணக்குப் பாருங்கள். வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், கிண்டல் பண்ணுவதற்குப் பதில் கூட்டிக் கழிக்கட்டும்.

கேள்வி: என் சீனியர் ஒரு எக்செல் ஷீட்டில் 2,000 நம்பர் கொடுத்து, தினம் ஐம்பது பேருக்குப் பேசச் சொல்கிறார். பாதிப்பேர் திட்டுகிறார்கள். தைரியத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?
– வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, இதில் தைரியம் வளர்க்காதீங்க, ஷீட்டை டெலிட் பண்ணுங்க. அந்த நம்பர் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. முன்பின் தெரியாதவருக்குச் சொந்த பத்து இலக்க நம்பரிலிருந்து விற்பனைக் கால் போட்டால் அது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கணக்கில் ஸ்பேம், அதாவது தொல்லைக் கால். விளம்பரக் காலுக்கென்று 140ல் தொடங்கும் எண்கள் தனியாக இருக்கின்றன. உங்கள் கால் வந்தவர் 1909க்கு ஒரு புகார் அனுப்பினால் போதும், கணக்கு ஏறத் தொடங்கிவிடும். 2025ல் விதியை இன்னும் இறுக்கிவிட்டார்கள்: பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்கலாம். முதல் முறை அவுட்கோயிங் 15 நாள் நிறுத்தம், திரும்பவும் செய்தால் ஒரு வருடம் இணைப்பே துண்டிப்பு. பேங்க், ஆதார், கேஸ் எல்லாம் அந்த நம்பரில்தானே இருக்கும்? சீனியர் வேறு சிம் வாங்கித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தோழி ஒருத்தி மூன்று மாதத்துக்கு முன் 1,850 ரூபாய்க்குப் பொருள் வாங்கினாள். பணம் வரவில்லை. கேட்கப் போன் எடுத்தால் எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது, கடன் வாங்கியவளுக்கு இல்லை!
– வாசகி, கும்பகோணம்

பதில்: பொருளை நீங்கள் கம்பெனிக்குக் காசு கட்டித்தானே எடுத்தீர்கள்? அப்போது அந்த 1,850 உங்கள் வீட்டு மளிகைக் காசு. இதை ஒரு தாளில் எழுதி எதிரில் வைத்துக்கொண்டு பேசுங்கள், வெட்கம் பாதியாகும். ‘உனக்குக் கஷ்டம்னு தெரியும், இருந்தாலும்...’ என்று இழுக்காமல், “அந்த 1,850க்குக் கூப்பிட்டேன்டி. அஞ்சாம் தேதி கம்பெனிக்கு ஆர்டர் போடணும், அதுக்குள்ள ஜிபே பண்ணிடறியா? மொத்தமா முடியலைன்னா இன்னைக்கு எவ்வளவு முடியும்?” என்று தேதியையும் தொகையையும் சொல்லுங்கள். பேசி முடித்ததும் அதையே மெசேஜாகவும் போட்டுவிடுங்கள். இனிமேல் பாதிப் பணம் வாங்காமல் ஆர்டர் எடுக்காதீர்கள், தோழியாக இருந்தாலும். தோழியாக இருந்தால் கண்டிப்பாக.

கேள்வி: எனக்கு வியாபாரக் கால் மட்டுமில்லை, பிள்ளையின் ஸ்கூலிலிருந்து வந்தாலும் எடுப்பதில்லை. ரிங்டோன் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை. விசேஷங்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.
– பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: இது மேலே சொன்ன நோட்டு வைத்தியத்துக்கு அடங்காதும்மா. போனைத் தாண்டிப் போய்விட்டது. இந்த மாதிரிப் பதற்றத்துக்குப் பேச்சு சிகிச்சையும் இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறது, நன்றாகவே கேட்கும். அரசின் டெலி மானஸ் என்கிற மனநலத் தொலைபேசிச் சேவை 14416ல் இருக்கிறது, இலவசம், எந்த நேரமும் தமிழிலும் பேசலாம். ‘போன் பண்ணப் பயம் என்பவளைப் போன் பண்ணச் சொல்கிறீர்களே’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தங்கையையோ வீட்டுக்காரரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டு, முதல் இரண்டு வரி அவர்களைப் பேசச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் அரசு தலைமை மருத்துவமனைக்கே போய் ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவைக் கேளுங்கள். அங்கே போன் வேண்டாம். வியாபாரம் அதுவரை காத்திருக்கட்டும்.

கேள்வி: சின்ன வீடு. நான் கஸ்டமரிடம் பேசினால் ஹாலில் மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார். அதனாலேயே வார்த்தை வரவில்லை.
– வாசகி, மணப்பாறை

பதில்: மொட்டை மாடி, துணி காயப்போடுகிற சாக்கு. நானும் ஒரு வருடம் அப்படித்தான் கழித்தேன். மழைக்காலம் வந்ததும் வேறு வழியில்லாமல் ஹாலிலேயே உட்கார்ந்து பேசினேன். ஒரு நாள் ஷாம்பூ விலை 240 என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது: “265! போன மாசமே ஏத்திட்டானே!”