வடதுருவத்துக்கு ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

தங்கச்சி, டிசம்பர் கடைசியில், வடதுருவத்துக்குக் கிட்ட நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள நி-ஓலசுண்ட் என்ற சின்ன ஊரில் இருக்கிற இந்தியாவின் ஹிமாத்ரி நிலையத்துக்கு ஆய்வுக்கு வருகிறீர்கள். நீங்கள் சைவம். ரைஸ் குக்கர் கொண்டுவரலாமா, தனிமை எப்படி இருக்கும், என்ன உடுப்பு வாங்குவது, கரடி வருமா, கையில் எவ்வளவு காசு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். காசு விசயம் உங்களை அனுப்புகிறவர்களுக்குத்தான் தெரியும். உடுப்பு பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தோலோடு ஒட்டக் கம்பளி, பருத்தி வேண்டாம், முடிந்தது. கரடி வரும். அதனால்தான் அங்கே கதவுகளைப் பூட்டுவதில்லை, எந்தக் கட்டடத்துக்குள்ளும் ஓடி நுழையலாம். நான் அந்த ஊர்க் குசினியில் சில குளிர்காலங்கள் வேலை செய்தவன். எனக்குத் தெரிந்தது சாப்பாடும் சாப்பிட வருகிற ஆட்களும்.

ரைஸ் குக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். சோறு வேகாது என்பதற்காக அல்ல. தென்துருவத்தில் அமெரிக்கர்களின் நிலையம் 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அரிசியோடு மினக்கெட வேண்டும். நி-ஓலசுண்ட் கடற்கரை ஊர், சோறு யாழ்ப்பாணத்தில் வேகிற மாதிரியே வேகும். ஆனால் அறையில் குக்கர் இருந்தால் அறையிலேயே சாப்பிடுவீர்கள். நான் பயப்படுவது அதற்குத்தான்.

1980களின் கடைசியில், விடுதிப் பள்ளி ஒன்றில் படிக்க என்று விசா எடுத்து நோர்வேக்கு வந்தவன் நான். பிறகு நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலை. ஓர் அறையில் நாலு பெடியள், ஓர் அடுப்பு. தக்காளிக் குழம்பில் போட்ட மக்கரல் ரின்னை உடைத்து, வெங்காயமும் மிளகாய்த்தூளும் போட்டு வதக்கிச் சோற்றோடு சாப்பிடுவோம். ருசி குறை சொல்ல முடியாது, இப்போதும் செய்வேன். ஆனால் அந்த முதல் குளிர்காலம் முழுக்க நோர்வேக்காரர் ஒருவரோடும் நாங்கள் ஒரு வாய் சேர்ந்து சாப்பிடவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. எங்களில் ஒருவன் இருட்டுக்குள் படுக்கையை விட்டு எழும்பாமல் கிடந்து, கடைசியில் வேலையையும் விட்டுவிட்டுத் தெற்கே போனான். குளிர் அவனை ஒன்றும் செய்யவில்லை. பேச்சுக்கு ஆள் மாறாததுதான் செய்தது.

ஒஸ்லோவில் இருக்கிற நம்மவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குத் தமிழ்க்கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது, பிள்ளைக்குப் பரதநாட்டிய வகுப்பு இருக்கிறது. முப்பது வருசம் பக்கத்து வீட்டு வாசல்படி ஏறாமலே இருந்துவிட்டு, “இவங்கள் எங்களைச் சேர்க்க மாட்டாங்கள்” என்று சாமத்திய வீட்டு மண்டபத்தில் நின்று சொல்வார்கள். பெரிய நகரத்தில் அப்படியும் வாழலாம். நாற்பது பேர் தேறினாலே பெரிய விசயம் என்கிற ஊரில் முடியாது.

நி-ஓலசுண்டில் நோர்வே, ஜெர்மனி, பிரான்ஸ், சீனா, கொரியா, இத்தாலி என்று பல நாட்டாருக்கும் நிலையம் உண்டு. என் காலத்தில் சீனர்களின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் நின்றன. ஆனால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் எல்லோரும் ஒரே மண்டபத்துக்குத்தான் வர வேண்டும். அது முன்பு நிலக்கரிச் சுரங்க ஊர். 1962 நவம்பரில் நடந்த விபத்தில் 21 பேர் செத்த பிறகுதான் சுரங்கத்தை மூடினார்கள், நோர்வே அரசாங்கமே அதில் கவிழ்ந்தது. சேர்ந்து சாப்பிடுவது அந்தத் தொழிலாளர் காலத்துப் பழக்கம். இரவுச் சாப்பாடு மாலை ஐந்து மணிக்கே வந்துவிடும், ஆச்சரியப்படாதீர்கள்.

காலைச் சாப்பாட்டை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். அக்டோபர் கடைசியில் போகிற சூரியன் பெப்ரவரி நடுவில்தான் திரும்ப அடிவானத்துக்கு மேலே வரும். நீங்கள் வரும்போது மத்தியானமும் நடுச்சாமமும் ஒரே இருட்டு. காலையில் மேசைக்கு வராதவர் முதலில் பத்து மணிக்கு எழும்புவார், பிறகு ஒரு மணிக்கு, பிறகு இரவு முழுக்க முழித்திருப்பார். குசினியில் நிற்கிறவனுக்கு இது எல்லோருக்கும் முதல் தெரியும். ஒரு கோப்பை குறைந்தால் நாங்கள் கவனிப்போம்.

சைவம் பிரச்சினை இல்லை, முன்கூட்டியே எழுதுங்கள், செய்து தருவார்கள். பாண், பாற்கட்டி, அவித்த உருளைக்கிழங்கு என்றும் தாராளம். மண்ணிற ஆட்டுப் பாற்கட்டி இனிக்கும். முதல் நாள் முகத்தைச் சுளிப்பீர்கள், போகும்போது வாங்கிக்கொண்டு போவீர்கள். நோர்வேக்காரருக்குச் சனிக்கிழமை என்றால் பாலில் குழைய வேகவைத்த சோறு, மேலே பட்டர், சீனி, கறுவாத்தூள். ஊறுகாயைத் தேடாமல் அப்படியே சாப்பிடுங்கள். எல்லோரும் குடிக்கிற மீன் எண்ணெய் உங்களுக்கு ஆகாது, ஆகவே விற்றமின் டி குளிசை எடுத்துவாருங்கள்.

இன்னொன்று, அறையில் ஒளித்து வைத்து மிளகாய் தாளிக்கிற வேலை வேண்டாம். புகை உணர்கருவி அடித்தால் கரைச்சல். அந்த ஊரில் எல்லோரும் கரடியைவிடத் தீக்குத்தான் பயப்படுவார்கள். தீயணைக்க வருகிறவர்களும் உங்களோடு சாப்பிடுகிற அதே மின்தொழிலாளியும் தச்சரும்தான். ஆசையாக இருந்தால் குசினியில் கேளுங்கள், பெரிய காற்றுப்போக்கிக்குக் கீழே தாளிக்கலாம்.

நான் அப்படித்தான் பொங்கலே பொங்கினேன். பால் பொங்கி வழியத்தான் வேண்டும் என்றதும் தலைமைச் சமையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுப்பு அவருடையது அல்லவா? கடைசியில் ஒரு பெரிய தட்டத்துக்குள் வைத்து வழியவிட்டோம். பயறு வட நோர்வேயின் ட்ரொம்ஸோ நகரத்திலிருந்து நான் கொண்டுபோனது, சர்க்கரைக்குப் பதில் மண்ணிறச் சீனி. கிழக்குப் பார்த்துப் படைப்போம் என்றால் அங்கே கிழக்கும் கறுப்புத்தான். மத்தியானம் தெற்குப் பக்கம் கொஞ்சம் நீலம் தெரியும், அந்தப் பக்கம் பார்த்து வைத்தேன். ஒரு ஜெர்மன்காரர், “சூரியனுக்கா? அது இங்கே இல்லையே” என்றார். “அவர் வர ஒரு மாதம் செல்லும், அவருடைய பங்கை நீங்கள் சாப்பிடுங்கள்” என்றேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தங்கள் ஊர்ப் பண்டிகைக்குக் குசினியைக் கேட்கத் தொடங்கினார்கள், சட்டி கழுவுகிற வேலை எனக்குக் கூடியது. 2023 டிசம்பரிலிருந்துதான் இந்தியா அங்கே குளிர்காலத்துக்கும் ஆள் அனுப்புகிறது. ஆகவே தை முதல் நாளில் அங்கே நிற்கப்போகிறீர்கள், பயறு எடுத்துவாருங்கள்.

தனிமை பற்றி நீங்கள் பயப்படுகிற அளவு இல்லை. ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு வைஃபை, புளூடூத் எதுவும் போடக்கூடாது. பூமியின் அசைவை அளக்கிற பெரிய அன்டெனாக்கள் வானத்திலிருந்து வருகிற மெல்லிய அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன, உங்கள் கைபேசி அதைக் குழப்பிவிடும். கம்பி வழி இணையம் உண்டு, அம்மாவோடு கதைக்கலாம். ஆனால் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் நிமிர்ந்து இருப்பார்கள். சிலர் கம்பளி பின்னிக்கொண்டே கதைப்பார்கள். நோர்வேக்காரர் முதல் வாரம் கதைக்காவிட்டால் கோபம் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் சுபாவம் அது. உங்கள் நாட்டுக்காரர் மேசையிலேயே தினமும் உட்காராதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன்: ஒரு மூலையில் ஒரு நாடு, மாதக்கணக்காக அதே நாலு முகம், கடைசியில் அந்த நாலு பேருக்குள்ளேயே சண்டை. பியர் குடிக்காதவர் என்றாலும் சனி இரவு பாருக்குப் போய் ஒரு சோடாவோடு இருங்கள்.

ஸ்வால்பார்ட்டின் பெரிய ஊரான லோங்இயர்பியனிலிருந்து வருவது சின்ன விமானம், பாரம் பார்ப்பார்கள். குக்கர் பிடிக்கிற இடத்தில் கறித்தூளும் மோர்மிளகாயும் வையுங்கள். ஊறுகாய் கண்ணாடிப் போத்தலில் வேண்டாம். கரித்தூள் காலத்திலிருந்து அங்கே உள்ளே வரும்போது சப்பாத்தைக் கழற்றுவது வழக்கம், ஆகவே ஓட்டை இல்லாத காலுறை நிறைய எடுங்கள்.