கொள்ளும் புரதம், விரியன் விஷமும் புரதம்: வாசகர் கேள்வி-பதில்

போன மாதம் கொள்ளுப் பருப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியவை அல்ல. சர்க்கரை ஊசி, பாம்புக்கடி, மறதி என்று எங்கெங்கோ போகின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்திய வருடங்களில் நான் ஓயாமல் சொன்னது இதைத்தான்: புரதம் என்பது உடம்பு தேற்றும் சத்து மட்டும் அல்ல. அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்து, அந்தச் சரம் தனக்குரிய வடிவில் மடிந்த பிறகுதான் அது வேலைக்கு வரும்.

பையன் ஜிம்முக்குப் போறானுங்க. மாசம் மூவாயிரத்துக்குப் புரோட்டீன் பவுடர் கேக்கறான். கொள்ளு திங்கச் சொன்னா, அது மாட்டுக்கு வைக்கறதுங்கறான். தினம் ரெண்டு பச்சை முட்டை வேற குடிக்கறான். — கோபிசெட்டிபாளையம் வாசகி

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடைக்கு ஐம்பது கிராம். கடுமையாக எடை தூக்குகிறவருக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன் உண்டு. உங்கள் பையன் 60 கிலோ என்றால் சுமார் 95 கிராம்.

இரண்டு முட்டை 12 கிராம். ஐம்பது கிராம் கொள்ளு 11. ஒரு கைப்பிடி நிலக்கடலை 7. அரை லிட்டர் பால் 16. நூறு கிராம் கோழிக்கறி 25க்கு மேல். மூன்று வேளைச் சோறு, இட்லி, பயறு எல்லாம் சேர்ந்து இருபதாவது வரும். பவுடர் இல்லாமலே கணக்கு நேராகிவிடுகிறது. பவுடர் விஷம் ஒன்றும் அல்ல. பாலைத் திரித்தபின் தெளியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம்தான். வீட்டுச் சாப்பாட்டில் இருப்பதற்குத் தனியாக மூவாயிரம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு அரிசியும் பருப்பும் ஆக்கினால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். நம் பக்கத்துச் சமையலில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது.

பச்சை முட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரிக்கிறது, பச்சையில் பாதிதான் என்று 1998இல் பெல்ஜியத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. வெந்தால் புரதத்தின் மடிப்பு பிரிகிறது. செரிமான நொதிகள் உள்ளே புகுந்து வெட்ட வழி கிடைக்கிறது. கிருமிப் பயமும் குறையும்.

அப்பாருக்கு ரெண்டு வேளை இன்சுலின் போடறோம். இதையே மாத்திரையாக் குடுக்க முடியாதுங்களா? தோட்டத்துச் சாளையில ஃபிரிட்ஜ் இல்லை, எங்க வைக்கறது? — காங்கேயம் வாசகர்

இன்சுலினும் புரதம்தான். 21 அமினோ அமிலங்கள் ஒரு சரம், 30 இன்னொரு சரம், மொத்தம் 51. விழுங்கினால் வயிற்றுக்கு முட்டை என்றும் மருந்து என்றும் வித்தியாசம் தெரியாது. இரத்தத்துக்குப் போகும் முன்பே துண்டு துண்டாக்கிவிடும். அதனால்தான் ஊசி. முன்பெல்லாம் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982 முதல், மனித இன்சுலினையே நுண்ணுயிர்களை வைத்துத் தயாரித்து விற்கிறார்கள்.

வைக்கும் விதத்துக்கு முட்டை வெள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் ஒருமுறை வெளுத்தால் மறுபடி தெளியாது. இன்சுலினும் அப்படித்தான், மடிப்பு குலைந்தால் திரும்பாது. உறைந்தாலும் கெட்டுவிடும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. பிரிக்காத புட்டிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அவற்றை ஊருக்குள் ஃபிரிட்ஜ் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வைத்து, ஒவ்வொன்றாக வாங்கி வாருங்கள். பிரித்த புட்டியைச் சாளையில் மண்பானை முறையில் வைக்கலாம்: பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈரமணல், மேலே ஈரத்துணி, நிழலான இடம். புட்டியில் தண்ணீர் படக் கூடாது. பிரித்தது பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். வண்டிப் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தவே வேண்டாம். தெளிவாக இருந்த இன்சுலின் கலங்கினாலோ, பால் நிற இன்சுலினில் குலுக்கியும் கரையாத கட்டி தெரிந்தாலோ அதைப் போடக் கூடாது.

பொழுதோட தட்டுப்போர்ல கை விட்டப்ப எங்க வீட்டுக்காரரைக் கண்ணாடி விரியன் கடிச்சுருச்சுங்க. ஜி.எச்.ல காப்பாத்திட்டாங்க. இப்ப பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல், மூட்டு வலி, உடம்பெல்லாம் தடிப்பு. விஷம் இன்னும் உள்ள இருக்குதுங்களா? — அந்தியூர் வாசகி

அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோன உங்களை நான் கும்பிடுகிறேன். இது பெரும்பாலும் விஷம் அல்ல, விஷமுறிவு மருந்தின் எதிரொலி. குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்துத்தான் அந்த மருந்தைச் செய்கிறார்கள். நம் உடம்புக்குக் குதிரையின் புரதம் அந்நியம். ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் நம் எதிர்ப்புச் சக்தி அதன்மேல் பாய்ந்தால் இப்படிக் காய்ச்சலும் மூட்டு வலியும் வரும். மாத்திரையில் அடங்கிவிடும். ஆனால் அதே மருத்துவமனைக்கு இன்றே போய்க் காட்டுங்கள். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதால் கிரியேட்டினின், சிறுநீர் இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கண்ணாடி விரியன் விஷத்தில் உள்ள நொதிகள் இரத்தம் உறைவதற்கான காரணிகளை ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். இருப்பு முழுக்கச் செலவாகி, அதன்பின் இரத்தம் உறையாமல் ஒழுகும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். அதே விரியன் விஷப் புரதத்தைக் கொண்டுதான் இன்று ஆய்வகங்களில் சில இரத்த உறைவு நோய்களைக் கண்டுபிடிக்கிறார்கள். சுருட்டை விரியன் விஷத்தின் ஒரு புரதத்தைப் பார்த்து டைரோஃபிபான் என்ற மாரடைப்பு மருந்தை வடிவமைத்தார்கள். இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

மற்றவர்களுக்கு: கடிபட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கை காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. தூங்கி எழுந்ததும் கண் இமை தொங்கினால் அதையும் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேரும் மந்திரமும் இந்தப் புரதங்களைத் தடுக்காது.

சிறுநீரில் நுரை வருகிறது. பருப்பு அதிகம் தின்றதாலா? — பல்லடம் வாசகர்

பருப்பால் அல்ல. வேகமாகப் போனால் எல்லோருக்கும் கொஞ்சம் நுரைக்கும். நுரை அடங்காமல் தினமும் நின்றால், சிறுநீரக வடிகட்டி வழியாக அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் நுரை வரும்வரை காத்திருக்காமல் வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

எங்கள் பள்ளியில் இருளர் குடியிருப்பிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பெண் அடிக்கடி கை கால் வலி என்று அழுகிறாள். அரிவாள் செல் சோகை என்று அட்டை தந்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? — ஆனைகட்டி ஆசிரியை

அவள் வலி என்றால் வலிதான், நம்புங்கள். பாடத்தைத் தவிர்க்கத்தான் அழுகிறாள் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மேசையிலேயே தண்ணீர்ப் புட்டி இருக்கட்டும். கழிப்பறைக்குக் கேட்டதும் விடுங்கள். மழையில் நனைந்த உடையோடு உட்காரக் கூடாது. மூச்சு வாங்க ஓடச் சொல்லாதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

காரணம், அமினோ அமிலச் சரத்தில் மாறிப்போன ஒரே ஒரு மணி. ஹீமோகுளோபினின் பீட்டா சரத்தில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறு திரித்ததுபோல் நீளும். சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். அந்த அடைப்புதான் அவள் வலி. 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் இதை மூலக்கூறு நோய் என்றார்கள். மாறியது ஒரே அமினோ அமிலம்தான் என்று வெர்னான் இங்க்ரம் சில வருடங்களில் காட்டினார். இதற்கிடையே 1952இல் லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

அவள் ஹைட்ராக்ஸியூரியா எடுக்கிறாளா என்று அட்டையில் பாருங்கள். கருவில் இருந்தபோதைய ஹீமோகுளோபினை மறுபடி கூட்டி, கயிறு திரிவதைக் குறைக்கும் மருந்து அது. நாள் தவறக் கூடாது. ஒரே ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லை இராது. அப்படி இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயோடு பிறக்க. அரசு 2023இல் தொடங்கிய இயக்கத்தில் அட்டை கொடுப்பது இதற்காகவும்தான். அட்டையைக் குழந்தையின் குற்றமாக யாரும் பார்க்கக் கூடாது.

எனக்கு இரத்தசோகை. மூன்று மாதச் சர்க்கரை 6.8 என்று வந்தது. விரல்நுனிச் சோதனையில் சரியாகவே இருக்கிறது. — திருப்பூர் வாசகி

அந்தச் சோதனை ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளப்பது. சிவப்பணு 120 நாள் வாழும் என்ற கணக்கில் வைத்தது. இரும்புச்சத்துக் குறைந்தால் எண் கூடுதலாகக் காட்டலாம். சோகையைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள். அதற்குள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் இரத்தச் சர்க்கரையை ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள்.

அம்மிச்சிக்கு மறதி. மூளையில் புரதம் படிவதுதான் காரணம் என்கிறார்கள். அதைக் கரைக்க மருந்து உண்டா? — பொள்ளாச்சி வாசகர்

அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா, டௌ என்ற இரு புரதங்கள் தப்பாக மடிந்து குவிகின்றன. அமிலாய்டைக் குறைக்கும் லெகனெமாப் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2023இல் முழு ஒப்புதல் தந்தது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். போன நினைவைத் தராது. மூளையில் வீக்கம், இரத்தக் கசிவு ஆபத்தும் உண்டு. முதலில் தைராய்டு, பி12 இரண்டையும் பாருங்கள். சரிசெய்யக்கூடிய மறதியை விட்டுவிடக் கூடாது.

உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். புரத வடிவத்தைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது என்கிறார்கள். இனி எனக்கு இந்தத் துறையில் என்ன வேலை மேடம்? — பீளமேடு மாணவி

நிறைய இருக்கிறது கண்ணு. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு கொலாஜனின் மூன்று சரப் பின்னலைக் கண்டு சொன்னார். புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தை 1963இல் அவர் குழு தந்தது. அதை வைத்துத்தான் இன்றும் எந்தப் புரத வடிவத்தையும் சரியா என்று சோதிக்கிறார்கள். நீ சொல்லும் கம்ப்யூட்டர் நிரல்களில் ஒன்றான ஆல்ஃபாஃபோல்டு 2022க்குள் இருபது கோடி வடிவங்களைக் கணித்தது. அதற்காக 2024இல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரோடு வேதியியல் நோபலைப் பகிர்ந்தார்கள். ஆனால் மேலே ஆனைகட்டிப் பெண்ணின் ஹீமோகுளோபினைத் தனியாக எடுத்தால் அதன் மடிப்பில் ஏறக்குறைய மாற்றமே தெரியாது. நோய் இருப்பது ஒன்று இன்னொன்றைத் தொடும் இடத்தில். புரதங்கள் செல்லுக்குள் யாரோடு சேர்கின்றன, எப்போது பிரிகின்றன, எங்கே குவிகின்றன என்பதை ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும்.

இன்று மாலையே புரதத் தரவு வங்கியைத் திறந்து 2எச்பிஎஸ் என்ற பதிவை எடு. காசு வேண்டாம், யாரும் பார்க்கலாம். ஆறாவது வாலின் பக்கத்து மூலக்கூறின் குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பெரிதாக்கித் திருப்பித் திருப்பிப் பார். எந்த அமினோ அமிலங்கள் அந்தக் குழியைச் சுற்றி நிற்கின்றன என்று எழுதி எனக்கு அனுப்பு.