வயிற்றில் செலுத்தும் வாயு புற்றுநோயைப் பரப்புமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பெருங்குடலில் உள்ள புற்றுநோய்க் கட்டியை, சிறு துளைகள் வழியே கருவிகளை நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அகற்றலாம் என்கிறார் மருத்துவர். வயிற்றுக்குள் செலுத்தும் வாயு நோயைக் கிளறிப் பரப்பிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அம்மா பயந்துபோயிருக்கிறார். இது உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் உறவினர் சொன்னதை வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. 1990-களின் தொடக்கத்தில், கருவி நுழைத்த துளைகளிலேயே புற்றுநோய் மீண்டும் முளைத்ததாகச் செய்திகள் வந்தபோது, அறுவை மருத்துவர்களே இதே அச்சத்தில் இருந்தார்கள்.

வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்து உள்ளே இடம் உண்டாக்கவே கரியமில வாயு செலுத்தப்படுகிறது. அது எரியாது, ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் சிலிண்டரிலிருந்து வரும் அந்த வாயு குளிர்ந்தும் ஈரமின்றியும் இருக்கும். திசுக்களில் கரையும்போது அங்கே அமிலத்தன்மையைக் கூட்டும். விலங்குகளிடம் நடத்திய ஆய்வில் மின்னணு நுண்நோக்கி வழியே பார்த்தபோது, பதித்த ஓடுகளைப்போல நெருங்கியிருந்த வயிற்று உட்சவ்வின் செல்கள் உப்பி, ஒன்றைவிட்டு ஒன்று விலகி, அடியிலுள்ள படலம் இடைவெளிகளில் தெரிந்தது. உதிர்ந்த புற்றுச் செல் ஒட்டிக்கொள்ள அப்படிப்பட்ட இடம் தோதானது. ஹீலியம் செலுத்திய விலங்குகளில் கட்டி குறைவாக வளர்ந்ததாகச் சில ஆய்வுகள் காட்டின. ஆனால் ரத்தத்தில் எளிதில் கரையாத அந்த வாயு ரத்தக்குழாய்க்குள் புகுந்தால் ஆபத்து என்பதால், அது வழக்கத்துக்கு வரவில்லை.

ஆய்வுக்கூடத்து எலியை வைத்து அம்மாவின் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது அல்லவா? பெருங்குடல் புற்றுநோயாளிகள் 872 பேரை இரு பிரிவாக்கி நடத்தி, 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டுகளில் நோய் திரும்பியவர்கள் லேப்ராஸ்கோப்பி பிரிவில் 16 சதவீதம், வயிற்றைத் திறந்து செய்த பிரிவில் 18 சதவீதம். காயத்தில் நோய் முளைத்தது இரண்டிலுமே ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தொடக்க காலத் துயரங்களுக்கு வாயுவைவிடக் கையாண்ட விதமே, அதாவது கட்டியைப் பிடித்து நசுக்கியதும் உறையின்றிச் சிறு துளை வழியே இழுத்ததுமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இந்த ஆறுதலை எல்லாப் புற்றுநோய்க்கும் நீட்டிவிடக் கூடாது. 2018-இல் வெளியான கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வில், நாலரை ஆண்டு நோயின்றி வாழ்ந்தவர்கள் திறந்த அறுவை சிகிச்சையில் 96.5 சதவீதமாக இருக்க, நுண்துளை முறையில் 86 சதவீதமாகவே இருந்தார்கள். கர்ப்பப்பையை அசைக்க உள்ளே வைக்கும் கருவியும், பிறப்புறுப்பை வயிற்றுக்குள்ளிருந்து வெட்டித் திறக்கையில் கட்டியின்மேல் படும் வாயுவும் சந்தேகிக்கப்படுகின்றன. காரணம் இன்னும் உறுதியாகவில்லை.

அம்மாவின் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கட்டி பக்கத்து உறுப்புகளுக்குள் ஊடுருவியிருக்கிறதா, வெளியே எடுக்கும்போது காயத்துக்குப் பாதுகாப்பு உறை போடுவீர்களா, துளைகளில் செருகிய குழாய்களை உருவுமுன் வாயுவை அவற்றின் வழியாகவே வெளியேற்றிவிடுவீர்களா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், திறந்த அறுவை சிகிச்சையைப் பற்றியும் அவரிடம் பேசுங்கள்.