‘மீன்பாடு’ என்ற சொல்லில் வரும் ‘பாடு’ என்ன?

‘மீன்பாடு அதிகரிப்பு’, ‘மீன்பாடு குறைவு’ என்று செய்திகளில் வருகிறதே, அந்தப் ‘பாடு’ பாட்டா, துன்பமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமில்லை. கடலுக்குப் போய் வந்த படகுக்கு அந்தத் தடவை கிடைத்த மீன்தான் பாடு. ஊருக்குப் புரியட்டும் என்று செய்தித்தாள் ‘மீன்’ சேர்த்துக்கொள்கிறது. கரையில் வெறும் ‘பாடு’ என்றாலே போதும்.

நானும் முதலில் இதைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கரையேறிய வள்ளத்தின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வலையை மடியில் போட்டு, கண்ணியில் தலை மாட்டிக் கிடந்த சாளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். இழுத்தால் செவுள் பிய்ந்துவிடும். அதனால் செவுளுக்குள் இறங்கியிருந்த நூலை நகத்தால் தூக்கி, தலைக்கு மேலே கழற்றிவிட்டு, பிறகுதான் மீனை உருவினார். விரலெல்லாம் செதில். கூடையோடு வந்த ஓர் அம்மா, “பாடு எப்படிண்ணே?” என்றார். “பாடு இல்லம்மா” என்றார் அவர்.

சிரமம் ஒன்றும் இல்லை என்கிறார் போல என்று எண்ணி, “நல்லதுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் பக்கத்திலிருந்த கூடையைச் சாய்த்துக் காட்டினார். அடியில் இரண்டு கை அள்ளும் அளவுக்கு மீன். இரவு முழுக்கக் கடலில் கிடந்ததற்கு அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

சொல்லின் பிறப்பு எளிது. சுடு என்பது சூடு ஆகிறது, கெடு என்பது கேடு ஆகிறது. அதே போல் ‘படு’ என்ற வினை நீண்டு ‘பாடு’ ஆகிறது. இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர். கண்ணில் பட்டது, கை பட்டது என்கிறோம் அல்லவா? அதே ‘படு’தான். மீன் வலையில் படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். “சாளை பட்டிருக்கு” என்னும்போது எழுவாய் மீன், மனிதர் இல்லை. செவுள் வலையை நினைத்துப் பாருங்கள். வலை தண்ணீரில் திரை மாதிரி நிற்கிறது. மீன் வந்து முட்டி மாட்டுகிறது. ‘பிடித்தேன்’ என்பதைவிட ‘பட்டது’ என்பதுதான் அங்கே நடப்பதற்குப் பொருத்தமான சொல்.

துன்பத்தைக் குறிக்கும் பாடும் இதே வினையிலிருந்து வந்ததுதான், துன்பம் ‘படுவதால்’. அதை வைத்து, மீனவர் படும் பாடே மீன்பாடு என்று உருக்கமாக விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடையோடு நின்ற அந்த அம்மா கேட்டது மீனைத்தான். ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று மட்டக்களப்பைச் சொல்வது முற்றிலும் வேறு. அது வாவியில் மீன் பாட்டுப் பாடுவதாகச் சொல்லும் வழக்கு. தொல்காப்பியம் நெய்தலுக்குச் சொல்லும் சிறுபொழுதாகிய ‘எற்பாடு’ மட்டும் நம் ‘பாடு’ என்ற சொல்லுக்கு உறவு: எல் என்றால் கதிரவன், அது சாய்வது பாடு. கடற்கரைக்கு உரிய பொழுதின் பெயரிலும் அதே சொல் இருக்கிறது!

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘மீன்பாடு செய்கிறார்’ என்று எழுதக் கூடாது. செய்யும் தொழில் மீன்பிடி, கிடைப்பது பாடு. மீனின் பெயரை முன்னால் சேர்க்கலாம்: இறால் பாடு, நெத்திலிப் பாடு.

‘வரத்து’ என்ற சொல்லையும் இதோடு குழப்புகிறார்கள். பாடு படகுக்கு, வரத்து சந்தைக்கு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது அங்குள்ள விசைப்படகுகளுக்குப் பாடே கிடையாது. ஆனால் மே மாதத்தில் கேரளத்திலிருந்து லாரியில் மீன் வந்து இறங்கினால், சந்தையில் வரத்து உண்டு.